ஓசையின்றி ஊழியஞ் செய்யும் கணினி

நேயர்களே, கேட்டல் என்பது ஒரு கலை. அக்கலைக்கு வேண்டிய முதற் கருவி செவி. இரண்டாவது கருவி அமைதி. வானொலியின் முன்னே அமர்ந்து பழகிய உங்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பாடகர் ஒருவர் மெல்லிய குரலில் ஆலாபனையைத் தொடங்கும் வேளையிலே அறையின் மூலையில் ஒரு யந்திரம் இரைந்துகொண்டிருக்குமாயின், பாட்டும் கெடும்; கேட்பவர் மனமும் கெடும். அவ்வாறு இரைந்து கெடுக்காத ஒரு யந்திரத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அந்த யந்திரம் கணினி. அலுவலகத்திலே கணக்குப் பார்க்கும் கணினியன்று. வீட்டின் முன்மண்டபத்திலே தொலைக்காட்சித் திரையின் அருகே இருந்து, திரைப்படங்களையும் இசையையும் குடும்பப் புகைப்படங்களையும் எடுத்து வழங்கும் கணினி. இதனை ‘வீட்டரங்குக் கணினி’ என வழங்கலாம். 2002ஆம் ஆண்டிலே மைக்ரோசொவ்ற் நிறுவனம் ‘மீடியா சென்ரர்’ என்னும் பதிப்பை வெளியிட்ட காலந்தொட்டு இக்கருத்து பரவலாயிற்று. 2015இல் வந்த விண்டோஸ் 10 உடன் அந்த நிறுவனம் அதனைக் கைவிட்டது. ஆயினும், தன்னார்வலர் பலர் கூடி வளர்த்த இலவச மென்பொருளொன்று, 2014ஆம் ஆண்டு முதல் ‘கோடி’ என்னும் பெயருடன், இன்றும் அப்பணியைச் செய்து வருகின்றது.

தொலைக்காட்சியோடு பொருத்தும் சின்னஞ்சிறு பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும் இந்நாளிலே இதற்கெனக் கணினி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. சந்தா கட்டிப் பார்க்கும் படங்கள் மாத்திரம் போதும் என்பவருக்கு அச்சிறு பெட்டியே போதும். அவர் இப்பேச்சைக் கேட்டுப் பணத்தைச் செலவிட வேண்டாம். ஆனால், தாம் சேர்த்து வைத்த இறுவட்டுக்களையும், பழைய ஒலிப்பதிவுகளையும், பிள்ளைகளின் சிறுபராயத்து ஒளிப்பதிவுகளையும் ஓரிடத்திலே ஒழுங்காக வைத்து, எந்தக் கம்பனியின் தயவையும் நாடாமல் வேண்டியபோது எடுத்துப் பார்க்க விரும்புபவருக்குக் கணினியே ஏற்ற கருவி. அவருக்காகவே மேலே சொல்லப்படுவன.

முதலில், ஓசையால் வரும் தீங்கு எத்தகையது என்று பார்ப்போம். ஓசையின் அளவைத் தெசிபெல் என்னும் அலகினாற் குறிப்பர். இரவிலே அமைதியான ஓர் அறை ஏறக்குறைய 30 தெசிபெல்; இருவர் இயல்பாக உரையாடுவது ஏறக்குறைய 60 தெசிபெல். இவ்வலகு சாதாரண எண்களைப் போலக் கூடுவதன்று. பத்துத் தெசிபெல் ஏறினால் ஒலியின் வலு பத்து மடங்காகின்றது. செவிக்கோ அது ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்றுகின்றது.

இப்பொழுது நம் அறையிலே 40 தெசிபெல் இரைச்சலுடன் ஒரு கணினி ஓடுகின்றது எனக் கொள்வோம். படத்திலே தாய் தன் மகனின் காதிலே ஏதோ இரகசியம் சொல்கின்றாள். அது கேட்கவில்லை. நீங்கள் ஒலியைப் பத்துத் தெசிபெல் கூட்டுகின்றீர்கள். அடுத்த காட்சியிலே இடி இடிக்கின்றது. முன்னர் 75 தெசிபெல்லாய் ஒலித்திருக்க வேண்டிய அந்த இடி இப்பொழுது 85 தெசிபெல்லாய் வெடிக்கின்றது. தூங்கிய குழந்தை எழுந்து அழுகின்றது. அயல்வீட்டார் சன்னலைச் சாத்துகின்றனர். குற்றம் படத்தினுடையதுமன்று, ஒலிபெருக்கியினுடையதுமன்று. மெல்லிய ஒலியை விழுங்கிய கணினியின் இரைச்சலே அங்கே குற்றவாளி. அமைதியான கணினி என்பது ஆடம்பரமன்று. படத்தின் தாழ்ந்த குரலையும் உயர்ந்த குரலையும் உள்ளவாறே கேட்பதற்கு அஃது இன்றியமையாத நிபந்தனை.

அப்படியானால், இரைச்சல் எங்கிருந்து பிறக்கின்றது? பெரும்பாலும் விசிறியிலிருந்து. விசிறி எதற்கு? வெப்பத்தை வெளியேற்றுவதற்கு. வெப்பம் எங்கிருந்து வருகின்றது? கணினி உண்ணும் மின்சாரம் அனைத்தும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. ஆகவே ஓசைக்கு மூலம் வெப்பம். வெப்பத்திற்கு மூலம் மின்வலு. நோய்க்கு மருந்து தேடுவோர் நோய்முதலை நாடுவது போல, அமைதி தேடுவோர் முதலிலே குறைந்த வலுவை உண்ணும் உறுப்புக்களைத் தேடவேண்டும். பெரு வலுவை உண்ணும் உறுப்புக்களை வாங்கிவிட்டு, பின்னர் அவற்றைக் குளிர்விக்க விலையுயர்ந்த விசிறிகளைத் தேடுவது வாலைப் பிடித்துக்கொண்டு யானையை நிறுத்த முயல்வதற்கு ஒப்பாகும்.

ஆயின், குறைந்த வலுவுடைய கணினி படத்தைத் தடையின்றிக் காட்டுமா? இங்கேதான் பலர் மயங்குகின்றனர். படங் காட்டும் வேலை எத்தகையது என்று சிறிது ஆராய்வோம்.

‘நாலாயிரம்’ என்னும் பொருளில் 4கே எனப்படும் திரையிலே கிடையாக 3840 புள்ளிகளும் நிலைக்குத்தாக 2160 புள்ளிகளும் உள்ளன. அஃதாவது, ஒரு படச்சட்டத்திலே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்களாய் ஓடுவது. எனவே விநாடிக்கு ஏறக்குறைய 20 கோடிப் புள்ளிகளின் நிறத்தைத் தீர்மானித்தல் வேண்டும். இவ்வளவு செய்தியையும் அப்படியே பதிந்து வைக்க இடம் போதாது. ஆதலால் அதனைச் சுருக்கி எழுதுகின்றனர். பார்க்கும்போது அச்சுருக்கத்தை விரித்தெடுக்க வேண்டும்.

சுருக்கி எழுதும் முறைகள் பல. 2003இல் வெளியான எச்.264 என்பது ஒன்று. 2013இல் வந்த எச்.ஈ.வீ.சீ. என்பது இன்னொன்று; 2018இல் வெளியான ஏ.வீ.1 என்பது மற்றொன்று. முறை புதிதாக ஆக, சுருக்கம் கூடுகின்றது. விரித்தெடுக்கும் வேலையும் கடினமாகின்றது. இவ்வேலையைக் கணினியின் பொதுவான மூளையைக் கொண்டு செய்விக்கலாம். அவ்வாறு செய்தால் அது களைத்து வெப்பமடையும்; விசிறி கதறும். அன்றி, அவ்வொரு வேலைக்கென்றே சில்லினுள் அமைக்கப்பட்ட தனிச் சுற்றைக் கொண்டும் செய்விக்கலாம். அச்சுற்று மிகச் சிறு வலுவுடன் அவ்வேலையை முடித்துவிடும். தேங்காய் துருவுவதற்கு வாளையும் பாவிக்கலாம், திருவலையையும் பாவிக்கலாம். வாள் பெரிதுதான், ஆனால் அவ்வேலைக்கென்று வளைத்துச் செய்யப்பட்டது திருவலையே அன்றோ?

ஆகவே கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, “இதன் வேகம் எவ்வளவு?” என்பதன்று, “எந்தெந்தச் சுருக்க முறைகளை விரிப்பதற்கு இதனுள் தனிச்சுற்று உண்டு?” என்பதே. இன்ரெல் சில்லுகளிலே, 10 பிற்று நிறத்துடன் கூடிய எச்.ஈ.வீ.சீ. படத்தை முழுமையாக விரிக்கும் சுற்று ஏழாந் தலைமுறையிலே வந்தது, ஏ.வீ.1 முறைக்குரிய சுற்று, 2020இல் மடிக்கணினிகளுக்காக வெளியான பதினோராந் தலைமுறையிலே வந்தது. 2023இன் தொடக்கத்திலே வந்த என்.100 என்னும் இன்ரெல் சில்லு இவை யாவற்றையும் விரிக்கவல்லது. அதற்கு விதிக்கப்பட்ட வெப்ப வலுவோ வெறும் 6 வாற்று. 2022இல் விளையாட்டுப் பிரியருக்காக வெளியான என்விடியா ஆர்.டீ.எக்ஸ். 4090 என்னும் வரைவியல் அட்டை 450 வாற்று வரை உண்ணும். படம் பார்ப்பதற்கு மட்டுமென்றால் இந்த 6 வாற்றுச் சில்லே போதும் என்பதைப் பலர் நம்ப மறுக்கின்றனர். ஆனால் உண்மை அதுவே.

உள்ளங்கையில் அடங்கும் ராஸ்ப்பெரி பை என்னும் பலகைக் கணினியும் இங்கே குறிப்பிடத் தக்கது. 2019இல் வந்த அதன் நான்காம் பதிப்பும், 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பும் எச்.ஈ.வீ.சீ. முறையிலான 4கே படத்தைத் தனிச்சுற்றினால் விரிக்கின்றன. ஏ.வீ.1 முறைக்கு அவற்றிலே தனிச்சுற்று இல்லை. எனவே வாங்குபவர், தம்மிடமுள்ள படங்கள் எம்முறையில் எழுதப்பட்டவை என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளல் நலம்.

பழைய படங்களைப் புதிய திரைக்கேற்பப் பெருப்பித்துத் துலக்கும் மென்பொருள்களைப் பாவிக்க விரும்புவோரும், அதே கணினியில் விளையாட விரும்புவோரும் மாத்திரமே தனி வரைவியல் அட்டையைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். ஏனையோருக்கு அது வீண் செலவு, வீண் வெப்பம், வீண் இரைச்சல் என்னும் மூன்றையும் ஒருங்கே தருவது. நினைவகமும் 8 கிகாபைற்று இருந்தால் இவ்வேலைக்குப் போதும்.

அடுத்ததாக, படத்தைத் திரைக்குக் கொண்டு செல்லும் வாயில். எச்.டீ.எம்.ஐ. எனப்படும் அவ்வாயிலிலும் பதிப்புக்கள் உண்டு. 2009இல் வந்த 1.4 என்னும் பதிப்பு 4கே படத்தை விநாடிக்கு 30 சட்டங்கள் வரையே கொண்டு செல்லும். 2013இல் வந்த 2.0 பதிப்பு 60 சட்டங்களைக் கொண்டு செல்லும். 2017இல் வந்த 2.1 பதிப்பு அதனிலும் அகன்ற பாதை. வீட்டரங்குக்கு 2.0 போதும், அதற்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

இவ்விடத்திலே, பொருளை மாற்றாமலே தரத்தைக் கூட்டும் ஓர் உபாயத்தைச் சொல்லிவிடுகின்றேன். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்கள் என்றேன். திரையோ வழக்கமாக விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. 24ஐ 60இலே சரியாகப் பொருத்த முடியாது. ஆதலால் ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்த சட்டம் இரண்டு முறையுமாக மாறி மாறிக் காட்டப்படும். படப்பிடிப்புக் கருவி மெல்லத் திரும்பும் காட்சிகளிலே உருவங்கள் தத்தித் தத்திச் செல்வது போலத் தோன்றுவதன் காரணம் இதுவே. கோடி போன்ற மென்பொருள்களிலே, படத்தின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றுமாறு பணிக்கும் வசதி உண்டு. அதனைச் செயற்படுத்தினால் தத்தல் மறையும். பலர் இக்குறையைக் கண்டு கணினியே வலுக்குறைந்தது எனக் கருதிப் புதிதாக வாங்கப் புறப்படுகின்றனர்.

4கே இறுவட்டுக்களைக் கணினியிலே நேரடியாக இட்டுப் பார்க்க எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. அவ்விறுவட்டுக்களின் பூட்டைத் திறப்பதற்கு, எஸ்.ஜீ.எக்ஸ். என்னும் பாதுகாப்பு அமைப்பு இன்ரெல் சில்லினுள் இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. பதினோராந் தலைமுறை முதலாக, பொதுமக்களுக்கான சில்லுகளிலிருந்து இன்ரெல் நிறுவனம் அவ்வமைப்பை நீக்கத் தொடங்கியது. ஆகையால், அனுமதி பெற்ற மென்பொருளைக் கொண்டு பழைய கணினியிலே பார்க்கக்கூடிய இறுவட்டைப் புதிய கணினியிலே பார்க்க இயலாது என்னும் விசித்திர நிலை உண்டாயிற்று. இவ்விறுவட்டுக்களே உங்கள் முதன்மைத் தேவையாயின், அவற்றுக்கெனச் செய்யப்பட்ட இயக்கியை வாங்குவதே மேல். அதுபோலவே, சந்தாச் சேவைகள் சில, கணினிக்கு அனுப்பும் படத்தின் தரத்தைக் குறைத்தே அனுப்புகின்றன. அவற்றின் நிபந்தனைகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்க.

நேயர்களே, ஆற்றலைப் பற்றிய பகுதி இத்துடன் நிற்க. இனி, அமைதியை நாடுவோம்.

விசிறி சுற்றும் வேகத்துக்கும் அது எழுப்பும் ஓசைக்கும் உள்ள உறவு வியப்புக்குரியது. வேகத்தைப் பாதியாக்கினால் வெளிவரும் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும்; ஆனால் ஓசையோ ஏறக்குறைய 15 தெசிபெல் குறைந்துவிடும். இனி, ஒத்த இரண்டு ஓசைகள் சேர்ந்தால் கூடுவது 3 தெசிபெல் மாத்திரமே. ஆகவே, முழுவேகத்தில் ஓடும் ஒரு விசிறிக்குப் பதிலாக, பாதி வேகத்தில் ஓடும் இரண்டு விசிறிகளை அருகருகே வைத்தால் காற்றின் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஓசை மட்டும் 12 தெசிபெல் குறையும். விசிறியின் எண்ணிக்கை கூடினால் இரைச்சலும் கூடும் என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இக்கணக்குக் காட்டுகின்றது.

விசிறியின் பருமனும் அத்தகையதே. ஒரே வடிவம், ஒரே வேகம் எனில், விட்டம் ஒன்றரை மடங்கானால் காற்று மூன்று மடங்குக்கு மேலாகும். எனவே 80 மில்லிமீற்றர் விசிறி ஓடிக் களைத்துச் செய்யும் வேலையை 120 மில்லிமீற்றர் விசிறி உலாவிக்கொண்டே செய்துவிடும். சுருதியிலும் வேறுபாடு உண்டு. ஏழு இறகுகளுடன் நிமிடத்துக்கு 5000 முறை சுற்றும் 40 மில்லிமீற்றர் விசிறி, விநாடிக்கு ஏறக்குறைய 580 அதிர்வுகளை உடைய கூர்மையான நாதத்தை எழுப்பும். ஒன்பது இறகுகளுடன் நிமிடத்துக்கு 600 முறை சுற்றும் பெரிய விசிறியின் நாதமோ விநாடிக்கு 90 அதிர்வுகளே. தாழ்ந்த மீடிறனை நம் செவி அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நுளம்பின் ரீங்காரம் நித்திரையைக் குலைப்பதும், தூரத்துக் கடலின் இரைச்சல் நித்திரையைத் தருவதும் இதனாலேயே.

விசிறியை வாங்கும்போது, கணினிப் பலகையே வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய நான்கு ஊசி இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குக. நிறுவிய பின்னர், வெப்பநிலை சிறிது ஏறியவுடன் விசிறி பாய்ந்தோடாதவாறு, பலகையின் ஆரம்ப அமைப்புக்களிலே வேகத்தை மெல்ல ஏறுமாறு வகுத்துவிடுக. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. ஒரே அளவான மெல்லிய ஓசையைச் செவி சிறிது நேரத்தில் மறந்துவிடும். ஏறி இறங்கும் ஓசையை ஒருபோதும் மறவாது.

அடுத்து, மின்வழங்கி. ஒருவர் 40 வாற்று உண்ணும் கணினிக்கு 750 வாற்று மின்வழங்கியை வாங்கி, பின்னாளுக்கு உதவும் என்று திருப்தியடைகின்றார். மின்வழங்கியின் வினைத்திறனைக் காட்டும் ‘80 பிளஸ்’ என்னும் முத்திரை 2004ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. ஆனால் அம்முத்திரையின் படிகளுட் பெரும்பாலானவை, முழுச் சுமையின் 20 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு வினைத்திறன் இருக்கும் என்பதைச் சோதிப்பதில்லை. 750இலே 40 என்பது ஏறக்குறைய 5 சதவீதம். எனவே அம்முத்திரை அங்கே எதற்கும் உறுதி கூறவில்லை. தேவைக்கு அண்மித்த சிறிய மின்வழங்கியே சிறந்தது. சின்னக் கணினிகள் பலவற்றுக்கு, மடிக்கணினிக்கு உள்ளது போல, விசிறியே இல்லாத வெளி மின்வழங்கி வருகின்றது. அமைதி நாடுவோருக்கு அது பெரு வரப்பிரசாதம்.

மூன்றாவது ஓசை, சுழலும் வன்தட்டினுடையது. நிமிடத்துக்கு 5400 முறையும் 7200 முறையும் சுழல்வன இரண்டும் பெருவழக்கு. அவற்றின் ஓசையினும் அதிர்வே கொடியது. அது பெட்டியின் தகரத்துக்குப் பரவி, தகரத்திலிருந்து மரமேசைக்குப் பரவி, வீணையின் குடம் போல மேசை முழுவதையும் முழங்கச் செய்யும். வன்தட்டை இறப்பர் வளையங்களிலே தாங்குவித்தால் இம்முழக்கம் பெரிதும் அடங்கும். இதனிலும் சிறந்த வழி, அசையும் உறுப்பே இல்லாத திண்மநிலைச் சேமிப்பகத்தை மட்டும் கணினியில் வைத்துக்கொண்டு, பெருந்தொகையான படங்களை உடைய வன்தட்டுக்களை வேறோர் அறையில் வைத்து வலையமைப்புக் கம்பியால் இணைப்பதாகும்.

கம்பியின் வேகம் போதுமா என ஐயுற வேண்டாம். 4கே இறுவட்டின் உச்ச வேகம் விநாடிக்கு 128 மெகாபிற்று. அஃதாவது 16 மெகாபைற்று. விநாடிக்கு 1000 மெகாபிற்று செல்லும் இன்றைய சாதாரண வலையமைப்பு அதனைப் போல ஏழு மடங்குக்கு மேல் தாங்கும். 100 மெகாபிற்று மட்டும் செல்லும் பழைய இணைப்பே உச்ச வேளைகளிலே திணறும். இதே கணக்கு இன்னோர் உண்மையையும் உணர்த்துகின்றது. சாதாரண வன்தட்டே விநாடிக்கு 100 மெகாபைற்றுக்கு மேல் வாசிக்கவல்லது; எனவே படம் பார்ப்பதற்கென்று மிக வேகமான, விலைகூடிய சேமிப்பகத்தை வாங்குவது பொருளற்றது.

இனிப் பெட்டியையும் அதனை வைக்கும் இடத்தையும் பற்றி ஒரு சொல். காற்று எவ்வளவு வெப்பத்தைச் சுமந்து செல்லும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 60 வாற்று வெப்பத்தை உண்டாக்கும் பெட்டியூடாக மணிக்கு 30 கன மீற்றர் காற்றுச் சென்றால், வெளியேறும் காற்று உள்ளே வந்த காற்றைவிட ஏறக்குறைய 6 பாகை மட்டுமே சூடாயிருக்கும். இவ்வளவு காற்றை மெல்லச் சுழலும் ஒரேயொரு 120 மில்லிமீற்றர் விசிறி எளிதிலே தரும். ஆகவே நமக்கு வேண்டுவது புயலன்று; தடையற்ற ஒரு பாதை. விசிறியின் முன்னே நெருக்கமான துளைகள் இட்ட தகரம் இருந்தால் காற்று அதில் மோதிச் சீறும். அகன்ற வாயில், எளிதிற் கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடி, பின்புறம் சுவரிலிருந்து ஓரளவு இடைவெளி ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டுச் சுவாத்தியம் இங்கே கணக்கிலே சேரவேண்டியது. குளிர்நாடுகளிலே 20 பாகை செல்சியஸ் உள்ள அறையிலே சோதித்து, சில்லு 60 பாகையில் இருந்தது என எழுதியிருப்பர். சில்லுக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி 40 பாகை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ 30 பாகை உள்ள அறையிலே அதே சில்லு 70 பாகையாகும். அதனைக் கண்ணாடிக் கதவு பூட்டிய அலுமாரிக்குள் வைத்து, உள்ளே காற்று 40 பாகையாகிவிட்டால், சில்லு 80 பாகை. விசிறி தன் வேகத்தைக் கூட்டாமல் என்செய்யும்? ஓசையை மறைப்பதற்காக அலுமாரிக்குள் பூட்டிய கணினி, பூட்டியதனாலேயே ஓசையிடுகின்றது. கதவைத் திறந்து வைப்பதே அதற்கு மலிவான மருந்து.

விசிறியே அற்ற கணினிகளும் உண்டு. அவற்றிலே, சில்லின் வெப்பத்தை வெப்பக்குழாய்கள் ஏந்திச் சென்று அலுமினியப் பெட்டியின் இறகுகளிலே பரப்புகின்றன. அக்குழாயினுள்ளே சிறிதளவு திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகித் திரும்புகின்றது. முழு மௌனம் இவற்றின் சிறப்பு. தூசு உள்ளே இழுக்கப்படாமை இன்னொரு சிறப்பு. ஆனால் பெட்டியே தொடமுடியாதவாறு சூடாகலாம். வெப்பம் மிகுந்தால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 6 முதல் 15 வாற்று வரையுள்ள சில்லுக்கு, திறந்த இடத்திலே, விசிறியற்ற பெட்டி மிகப் பொருத்தம். அதற்கு மேற்பட்ட வலுவுக்கு நம் சுவாத்தியத்திலே, மெல்லச் சுழலும் ஒரு பெரிய விசிறியே அச்சமற்ற வழி. மூன்று மீற்றர் தொலைவில் கதிரையிலே இருப்பவருக்கு, விசிறி இல்லாமைக்கும், அறையின் அமைதியிலும் பத்துத் தெசிபெல் தாழ்ந்து ஒலிக்கும் விசிறிக்கும் வேறுபாடு தெரியாது. 30 தெசிபெல்லோடு 20 தெசிபெல் சேர்ந்தால் வருவது 30.4 தெசிபெல் மாத்திரமே.

இதிலிருந்து இன்னொரு பாடமும் பெறலாம். அறையிலே பெரிய ஓசை ஒன்று இருக்க, சிறிய ஓசையை அடக்கப் பணஞ் செலவிடுதல் வீண். கூரை விசிறி கடகடக்கும் அறையிலே கணினி விசிறியை மாற்றி யாது பயன்? எல்லாவற்றினும் உரத்த ஓசை எதுவென்று முதலில் கண்டு, அதனை அடக்கிய பின்னரே அடுத்ததை நாடுக. அதனை அறிய ஒரு வழி உண்டு. இரவு பத்து மணிக்குப் பின்னர் கணினியை ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாக அமரும் கதிரையில் அமர்ந்து கண்ணை மூடிக் கேளுங்கள். பின்னர், விசிறியின் நடுக்குமிழை விரலால் ஒரு கணம் மட்டும் மெல்லத் தடுக்கச் சிலர் சொல்வர், அது தகாது. அமைப்புக்களிலே ஒவ்வொரு விசிறியின் வேகத்தையும் மாறி மாறித் தாழ்த்திப் பார்த்தலே தகும். எதைத் தாழ்த்தும்போது அறை அடங்குகின்றதோ, அதுவே நீங்கள் தேடும் பகைவன்.

ஈற்றில் விலை. 2022ஆம் ஆண்டிலே நம் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர், இறக்குமதியாகும் இப்பொருள்களை எல்லாம் புதிதாக வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரமாயிற்று. அத்தகையோருக்கு ஒரு நல்வழி, அலுவலகங்கள் பாவித்துக் கழித்த சிறிய கணினிகள். அவற்றுள் ஏழாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன இன்ரெல் சில்லு உள்ளதைத் தேர்ந்து, அதன் வாயில் 4கே படத்தை விநாடிக்கு 60 சட்டங்களாய் அனுப்புமா என்று கடையிலேயே திரையில் பொருத்திப் பார்த்து வாங்குக. வீட்டுக்குக் கொண்டுவந்து தூசைத் துடைத்து, சில்லுக்கும் குளிர்விக்கும் உலோகத்துக்கும் இடையிலே உலர்ந்துபோன பசையை மாற்றி, பழைய வன்தட்டை நீக்கித் திண்மநிலைச் சேமிப்பகத்தை இட்டால், அது பெரும்பாலும் அமைதியான ஊழியனாக மாறிவிடும். ஏ.வீ.1 முறை அதற்குக் கைகூடாது. ஆயினும் வீட்டிலுள்ள பெரும்பாலான படங்களுக்கு அத்தேவை எழாது.

நேயர்களே, சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேன். முதலில், உங்கள் படங்கள் எம்முறையில் எழுதப்பட்டவை என அறிக. இரண்டாவதாக, அவற்றை விரிக்கும் தனிச்சுற்று உள்ள சில்லுகளுள் மிகக் குறைந்த வலுவுடையதைத் தெரிக. மூன்றாவதாக, விசிறி வேண்டின் பெரிதாகவும் மெதுவாகவும் சுழல்வதைக் கொள்க. நான்காவதாக, சுழலும் வன்தட்டை வேறறைக்கு அனுப்புக. இயலாவிடின் இறப்பரிலே தாங்குவிக்க. ஐந்தாவதாக, கணினி மூச்சுவிட இடங் கொடுக்க. இவ்வரிசையை மாற்றாது பின்பற்றினால் பணமும் மிஞ்சும், அமைதியும் கிட்டும்.

நல்ல ஊழியன் வந்ததும் போனதும் தெரியாமல் பணியை முடிப்பவன் என்பர் நம் பெரியோர். திரையிலே படம் ஓடிக்கொண்டிருக்க, அதனைக் காட்டும் யந்திரம் அறையில் இருப்பதே நினைவுக்கு வராதாயின், நீங்கள் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்பதே அதன் பொருள்.